4. இயந்திரத்தை எழுப்பும் கேசட்

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பினாங்குத் தீவின் லோரோங் கூலிட் சந்தைக்குப் போய்விடுங்கள். சிட்டி ஸ்டேடியத்தின் ஓரமாகத் தார்ப்பாய் விரித்து, நின்றுபோன கைக்கடிகாரம், பித்தளைப் பூட்டு, கண்ணாடி உடைந்த ரேடியோ என்று பரப்பி வைத்திருப்பார்கள். என் டிவி கேம் அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தது. வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் பழுத்த வாழைப்பழ நிறத்துக்கு வந்திருந்தது. மேலே ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற பெயர் பாதி தேய்ந்திருந்தது.

“ஓடுமாண்ணே?” என்று கேட்டேன்.

“சிவப்பு லைட் எரியுது தம்பி. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

அவர் சொன்னது முழு உண்மை. விளக்கு எரிகிறது என்றால் உள்ளே மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். சிபியு முதல் கட்டளையைப் படித்ததா, ரேம் எழுதியதை வைத்துக்கொள்கிறதா, படம் வரையும் சிப் விழித்ததா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. ஒரு விளையாட்டு கேசட்டைச் செருகிப் பார்த்தாலும் தெரியாது. திரை கறுப்பாக நிற்கும். ஏன் கறுப்பு என்று விளையாட்டு சொல்லாது. ஆகவே இந்த நூலில் நாம் எழுதும் முதல் நிரல் விளையாட்டு அல்ல. இயந்திரத்தை எழுப்பி, அதன் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பார்த்து, நிலைமையைத் தமிழில் சொல்லும் ஒரு கேசட். நூல்களில் கேட்ரிட்ஜ் என்று போடுவார்கள். நாங்கள் சின்ன வயதிலிருந்து கேசட் என்றே சொல்லி வளர்ந்தோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெட்டிக்கு வெளியே முதலில்

நிண்டெண்டோ ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று ஃபேமிகாமை வெளியிட்டது. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் தைவான் நகல்கள். அசல் ஃபேமிகாமே கையில் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதனுடன் வந்த ஜப்பானிய அடாப்டரை நம் சுவரில் செருகிவிடாதீர்கள். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு மின்சாரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நகல்களில் வேறொரு ஆபத்து உண்டு. பிளக்கின் நடுமுனை சிலவற்றில் நெகட்டிவ், சிலவற்றில் பாசிட்டிவ். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள், பிறகு மல்டிமீட்டரால் அடாப்டரை அளந்து பாருங்கள். உள்ளே 7805 ரெகுலேட்டர் இருந்தால் அதன் வெளிக்காலில் 5 வோல்ட் வர வேண்டும். 4.7க்குக் கீழே இறங்கினால் நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் கண்டென்சர்களைச் சந்தேகியுங்கள்.

கேசட் செருகும் வாயைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். ஊதாதீர்கள். நம் தீவின் ஈரக்காற்று அந்தச் செம்புத் தகடுகளை ஏற்கெனவே அரித்து வைத்திருக்கும். வாயின் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும்.

ரீசெட் நொடியில் நடப்பது

இதற்குள் இருக்கும் சிபியு 1975இல் வந்த 6502இன் வழிவந்தது. அது காணும் உலகம் 65,536 அறைகள். மின்சாரம் வந்ததும் அது செய்யும் முதல் உருப்படியான காரியம் 65532, 65533 என்ற இரண்டு அறைகளைத் திறந்து பார்ப்பது. அங்கே எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் வேலையைத் தொடங்கும். அந்த இரண்டு அறைகளும் இயந்திரத்துக்குள் இல்லை, கேசட்டுக்குள் இருக்கின்றன. இயந்திரத்துக்கென்று சொந்தமாக ஒரு தொடக்க நிரல் கிடையாது. கேசட்டில் நாம் எழுதுவதுதான் அதன் முதல் நினைவு.

என் சின்னம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிலிக்கான் துண்டிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் இழுத்து ஒட்டும் வேலை. “நாங்க கால் குடுத்தோம். அது எங்க நடந்து போச்சுன்னு எங்களுக்குத் தெரியாது” என்பார். பழைய சிப்களைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் ‘மலேசியா’ என்று பொறித்திருக்கும். அந்த இரண்டு அறைகளை, அதாவது ரீசெட் வெக்டரை, விளக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. 65532 என்பது நமக்கு எண்; சிப்புக்கு அது 16 கால்களில் எது உயரும், எது தாழும் என்பது. அதில் ஒரு கால் கேசட் வாயில் சரியாகத் தொடாவிட்டாலும் சிபியு வேறு அறையைத் திறக்கும், அங்கிருக்கும் ஏதோ ஒரு எண்ணை முகவரி என்று நம்பி ஓடும்.

நம் நிரல் ஹெக்ஸ் 8000இல், அதாவது 32768இல், தொடங்கட்டும். சின்ன பைட் முதலில் என்பது 6502இன் வழக்கம். எனவே 65532இல் 00, 65533இல் ஹெக்ஸ் 80. அதற்கு முந்தைய இரண்டு அறைகள் என்எம்ஐ என்ற இடைமறிப்புக்கு, பிந்தைய இரண்டு ஐஆர்கியு என்ற இடைமறிப்புக்கு. இரண்டுக்கும் வேலை இல்லாவிட்டாலும் காலியாக விடாதீர்கள். ஆர்டிஐ என்ற ஒரே கட்டளை இருக்கும் இடத்தை இரண்டுக்கும் காட்டுங்கள்.

இனி முதல் கட்டளைகள். 2000, 4017 போன்ற முகவரிகளெல்லாம் ஹெக்ஸ். எஸ்இஐ போட்டு இடைமறிப்புகளைத் தடுங்கள். சிஎல்டி போடுங்கள், இந்த சிபியுவில் தசம முறை முடக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஒரு பைட்தான், பழக்கமாகட்டும். 4017இல் ஹெக்ஸ் 40 எழுதினால் ஒலிப்பகுதியின் இடைமறிப்பு நிற்கும். ஸ்டாக்கை எஃப்எஃப்இல் வையுங்கள். பிறகு 2000, 2001, 4010 மூன்றிலும் சுழியம்.

படச் சிப்பின் 2000இலும் 2001இலும் எதற்குச் சுழியம், இப்போதுதானே மின்சாரம் வந்தது என்று தோன்றும். ரீசெட் பட்டனை நினைத்துப் பாருங்கள். ஃபேமிகாமில் அந்தப் பட்டன் சிபியுவை மட்டும் தட்டி எழுப்புகிறது, படச் சிப்புக்குச் செய்தியே போவதில்லை. அது முந்தைய நிரல் விட்ட இடத்திலேயே வரைந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃபிரேமுக்கும்) என்எம்ஐ அனுப்பிக்கொண்டும் இருக்கலாம். நாம் சொல்லி நிறுத்தினால்தான் நிற்கும். முதன்முறை மின்சாரம் போடும்போது நிலைமை நேர்மாறு. படச் சிப் ஏறக்குறைய ஒரு சட்ட நேரம் வரை நாம் எழுதுவதைக் காதில் வாங்காது. அதனால்தான் 2002ஐப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை திரை மறைவுக்கு, அதாவது ஒரு சட்டம் வரைந்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவேளைக்கு, காத்திருக்கிறோம். பிஐடி 2002, பிபிஎல் என்று இரண்டே கட்டளைச் சுழல். இரண்டு காத்திருப்புக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் ரேமைப் பார்த்துவிடலாம்.

ரேமை ரேம் இல்லாமல் சோதிப்பது

இந்த அத்தியாயத்தில் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இது.

சிபியுவுக்கு உள்ள ரேம் 2 கிலோபைட், 256 பைட் கொண்ட 8 பக்கங்கள். அதைச் சோதிக்கும் நிரல் அதையே நம்பக் கூடாது. ஜேஎஸ்ஆர் போட்டால் திரும்பி வரும் முகவரி ஸ்டாக்கில் ஏறும். ஸ்டாக் இருப்பது ரேமின் இரண்டாம் பக்கத்தில். அந்தப் பக்கம் கெட்டிருந்தால் ஆர்டிஎஸ் எங்கோ கொண்டுபோய்த் தள்ளும். மாறிகளும் கூடாது. நம் கையில் இருப்பவை ஏ, எக்ஸ், ஒய் என்ற மூன்று ரெஜிஸ்டர்கள் மட்டுமே. பக்கத்தை மாற்றிக்கொண்டு ஒரே சுழலில் சுற்றவும் முடியாது, ஏனென்றால் மறைமுக முகவரியும் ரேமில்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒரே சுழலை 8 முறை, பக்கத்துக்கு ஒன்றாக, நீட்டி எழுதுங்கள். அசெம்ப்ளரின் மேக்ரோ இதைச் செய்து தரும். ரோமில் 32 கிலோபைட் இடம் கிடக்கிறது, தாராளமாகச் செலவழிக்கலாம்.

முதல் சுற்றில் ஒவ்வொரு பைட்டிலும் ஹெக்ஸ் 55 எழுதிப் படியுங்கள், பிறகு ஏஏ எழுதிப் படியுங்கள். இருமத்தில் ஒன்று 01010101, மற்றது 10101010. எந்த பிட் ஒரே நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இரண்டில் ஒன்றில் அகப்படும். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். போதாது. ரேமின் முகவரிக் கால்களில் ஒன்று அறுந்திருந்தால் 5ஆம் அறைக்கு எழுதுவதும் 7ஆம் அறைக்கு எழுதுவதும் ஒரே இடத்தில் போய் விழும். எழுதிய கையோடு படித்தால் சரியாகத்தான் வரும். அதனால் இரண்டாம் சுற்று. ஒவ்வோர் அறையிலும் அதன் எக்ஸ் மதிப்போடு பக்க எண்ணைக் கூட்டி எழுதுங்கள். 8 பக்கமும் எழுதி முடிந்த பிறகே முதலிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இரண்டு அறைகள் ஒன்றாகிப் போயிருந்தால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்திருக்கும்.

பிழை கண்டதும் அந்தப் பக்கத்தின் எண்ணை எக்ஸில் ஏற்றிக்கொண்டு பிழை அறிவிக்கும் இடத்துக்கு ஜம்ப் செய்யுங்கள். அறிவிப்பும் ரேமைத் தொடாமலே நடக்க வேண்டும். திரையை முழுக்க ஒரே நிறமாக்குவது இதற்குச் சரியான வழி. 2006இல் 3எஃப், அடுத்து 00 எழுதி, 2007இல் நிற எண்ணை எழுதி, பிறகு 2006இல் இரண்டு முறை 00 எழுதினால், வரைதல் அணைந்திருக்கும் நிலையிலேயே திரை நிறம் மாறும். ஹெக்ஸ் 16 சிவப்பு, 2ஏ பச்சை. 0டி என்ற கறுப்பைத் தவிருங்கள். அது கறுப்புக்கும் கீழே இறங்கும் சமிக்ஞை, சில டிவிகள் படத்தையே இழந்துவிடும்.

திரையே வராத இயந்திரத்துக்கு ஒலி. 4015இல் 1, 4000இல் பிஎஃப், 4002இலும் 4003இலும் சுருதி எண் எழுதினால் ஒரு நீண்ட பீப். நிறுத்த 4015இல் சுழியம். இடைவெளிக்கு ஒய் உள்ளேயும் ஏ வெளியேயும் 256 முறை சுற்றட்டும், நொடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். எக்ஸில் இருக்கும் எண்ணிக்கை வரை பீப் கேட்கும். மூன்று பீப் என்றால் மூன்றாம் பக்கம். பழைய நகல்களில் இந்த ரேம் 6116 வகைத் தனிச் சிப்பாக இருப்பதால் கழற்றி மாற்றிவிடலாம். கறுப்புத் தார்ப்பொட்டுக்குள் எல்லாவற்றையும் அடைத்த பிற்கால நகலாக இருந்தால் அந்தப் பலகைக்கு மருந்து இல்லை.

படச் சிப்புக்கென்று இன்னொரு 2 கிலோபைட் ரேம் உண்டு. அதே இரண்டு சுற்றுச் சோதனைதான், ஆனால் 2006, 2007 வழியாக. 2007இலிருந்து முதலில் படிப்பது பழைய பைட். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரேம் முழுவதையும் சுழியமாக்குங்கள். நான் எழுதிய முதல் விளையாட்டில் இதை விட்டுவிட்டேன். எமுலேட்டரில் மூன்று வாரம் அழகாக ஓடியது. அசல் பெட்டியில் போட்டதும் புள்ளிக் கணக்கு என்ற இடத்தில் குப்பை எழுத்துகள். மின்சாரம் வந்த நொடியில் ரேமில் சுழியம் இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மெசென் எமுலேட்டரில் தொடக்க ரேமைத் தாறுமாறாக வைக்கும் வசதி இருக்கிறது. இன்றே அதை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

9, 10, 11

நம் நாட்டில் பழைய அனலாக் டிவி பேல் முறையில் ஓடியது, நொடிக்கு 50 சட்டங்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. நகல் செய்தவர்கள் 60க்கு எழுதிய விளையாட்டுகள் 50இல் கெடாமல் ஓட ஒரு தந்திரம் செய்தார்கள். யுஎம்சியின் யுஏ6527பி, யுஏ6538 ஜோடி இருக்கும் நகல்களில் ஒரு சட்டத்துக்கு 312 வரிகள். ஆனால் படம் முடிந்தவுடன் என்எம்ஐ வராது. 51 வரிகள் சும்மா காத்திருந்து, கடைசி 20 வரிகளுக்கு முன்புதான் வரும். ஜப்பானிய இயந்திரத்தில் திரை மறைவுக்குக் கிடைக்கும் அதே 20 வரிகள். ஐரோப்பாவின் அதிகாரப்பூர்வ பேல் இயந்திரம் இப்படி இல்லை. ஆக ஒரே கேசட் மூன்று வகைப் பெட்டியைச் சந்திக்கலாம், எது என்று அதுவே கண்டுபிடிக்க வேண்டும்.

வழி எளிது. ஒரு திரை மறைவு தொடங்கியதிலிருந்து அடுத்தது வரை எண்ணுங்கள். ஐஎன்எக்ஸ்; எக்ஸ் சுழியமானால் மட்டும் ஐஎன்ஒய்; பிஐடி 2002; திரை மறைவுக் கொடி எழவில்லை என்றால் மீண்டும் மேலே. ஒரு சுற்றுக்கு 12 சிபியு துடிப்புகள். ஜப்பானிய இயந்திரத்தில் ஒரு சட்டத்துக்கு 29,780 துடிப்புகள், ஐரோப்பிய பேலில் 33,247, நம் நகல்களில் 35,464. 12ஆல் வகுத்து, பிறகு 256ஆல் வகுத்துப் பாருங்கள். சுழல் முடியும்போது ஒய்யில் முறையே 9, 10, 11 நிற்கும். இவ்வளவு சுத்தமாக மூன்று எண்கள் பிரிந்து வருவதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கொடி எழும் அதே துடிப்பில் 2002ஐப் படித்துவிட்டால் அந்த எழுச்சி தவறிப்போகும், எண்ணிக்கை இரட்டிப்பாகும். 11க்கு மேல் வந்தால் மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

இந்த எண்ணை வைத்துச் சுருதியையும் திருத்தலாம். ஜப்பானிய இயந்திரத்தில் 440 ஹெர்ட்ஸுக்கு 253 என்று எழுதுவோம். அதே 253 நகலில் 436 ஆகவும் ஐரோப்பியப் பெட்டியில் 409 ஆகவும் இறங்கும். நகலுக்கு 251 எழுதுங்கள். சில நகல்களில் சதுர அலையின் 25, 50 சதவீத அகலங்கள் இடம் மாறி ஒலிக்கும்; குரல் மூக்கடைத்தது போல இருந்தால் அதுதான் காரணம்.

எட்டுப் புள்ளிக்குள் தமிழ்

பச்சைத் திரையோடு நிறுத்தலாம். நான் நிறுத்தவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருள் மூலம் கணினியில் தமிழைக் கொண்டுவந்தார். அதே காலத்துப் பெட்டி இது, இதிலும் தமிழ் வரட்டும்.

படச் சிப்புக்குத் தெரிந்தது 8க்கு 8 புள்ளி டைல் மட்டும். ஒரு டைலுக்கு 16 பைட், இரண்டு அடுக்கு. கேசட்டின் பட ரோமில் 8 கிலோபைட் இருந்தால் 512 டைல்கள், பின்னணிக்கு 256, ஸ்பிரைட்டுக்கு 256. தமிழ் எழுத்து 8 புள்ளிக்குள் அடங்காது. 16க்கு 16 வைத்துக்கொண்டால் எழுத்துக்கு நான்கு டைல். ‘ப’ சிரமமே தராது, ‘ல’ சற்று நெளியும். ‘ண’ மூன்று சுழிகளோடு வந்து 24 புள்ளி அகலம் கேட்கும். நெருக்கினால் ‘ன’ ஆகிவிடும். கொடுத்துவிடுங்கள். உகர ஊகார வரிசையின் 36 எழுத்துகளுக்கும் தனித்தனி உருவம் வரைந்தே தீர வேண்டும், அதற்கு மட்டும் குறைந்தது 144 டைல்கள்.

புள்ளியில் மிச்சம் பிடிக்கலாம். ‘ம’ வேறு ‘ம்’ வேறு என்று இரண்டு வரைய வேண்டாம். புள்ளியை ஒரு ஸ்பிரைட்டாகச் செய்து எழுத்தின் தலைமேல் வையுங்கள். இரண்டு வரிசையில் 00011000, மற்ற வரிசைகள் சுழியம். 18 மெய்யெழுத்துக்கும் இந்த ஒரு டைல் போதும். ஒரே வரியில் 8 ஸ்பிரைட்டுக்கு மேல் சிப் வரையாது. 32 டைல் அகலத் திரையில் எழுதும் தமிழ் வரிக்கு எட்டுப் புள்ளி அநேகமாகப் போதும். என் கேசட் எல்லாம் சரியாக இருந்தால் ‘நலம்’ என்று காட்டி, அடியில் 9, 10, 11இல் ஒன்றைப் போடும்.

ரோமில் ஏற்றுவது

சிஏ65 அசெம்ப்ளர் தரும் கோப்பின் தலையில் 16 பைட் முகவுரை இருக்கும். அது எமுலேட்டருக்கு மட்டும். சிப்பில் ஏற்றும்போது அதை வெட்டிவிட்டு, 32 கிலோபைட் நிரலை ஒரு சிப்பிலும் 8 கிலோபைட் படத்தை இன்னொன்றிலும் ஏற்றுங்கள். எமுலேட்டரில் பார்க்கும்போது இயந்திர வகையை ‘டெண்டி’ என்று வைத்தால் நம் ஊர் நகல்களின் வேகம் கிடைக்கும்.

நிரலுக்கு 27சி256 ஈப்ராம் எனக்குப் பிடித்தது. ஈப்ராமை இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்தது 1971இல். அடுத்த ஆண்டே, 1972இல், அந்த நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்தால் பழையது அழியும். எழுதி முடித்ததும் கண்ணாடிச் சன்னலை ஸ்டிக்கரால் மூடுங்கள். பழைய கேசட் பலகையில் பற்ற வைப்பதானால் ஒவ்வொரு காலையும் மல்டிமீட்டரால் தொட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே வையுங்கள், எல்லாக் கால்களும் ஒரே வரிசையில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். மெமரி கார்டு போடும் நவீன கேசட்டுகள் வசதியானவைதான். ஆனால் அவை தம்முடைய மெனுவைக் காட்டவே நல்ல ரேமும் நல்ல படச் சிப்பும் வேண்டும். நோயாளிப் பெட்டிக்கு இரண்டு சிப் போட்ட வெறும் கேசட்டே சரி.

என் கேசட் இப்போது ஒரு பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. கூடவே ஆறு ஏஏ பேட்டரி போடும் தொட்டி, காரின் பின்கேமராவுக்கு விற்கும் சின்னத் திரை, அதற்கொரு 12 வோல்ட் பேட்டரி. சந்தையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன். போன மாதம் நான்கு பெட்டிகள் பார்த்தோம். இரண்டில் பச்சை வந்து, ‘நலம்’ என்றும் 11 என்றும் நின்றது. ஒன்று சிவப்பாகி ஐந்து முறை கத்தியது. நான்காவதில் விளக்கு மட்டும் எரிந்தது.

“இந்தச் சிவப்ப நீயே எடுத்துக்க தம்பி, ரிப்பேர் பண்ணிக் கொண்டா” என்றார் அண்ணன். பச்சை இரண்டின் மேலும் மார்க்கர் பேனாவால் ‘நலம்’ என்று அவரே எழுதி முன்வரிசையில் எடுத்து வைத்தார்.